டம்ளர் சத்தத்துக்கு வந்த சேவல்

பெரியம்மா வீட்டில் ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளர் உண்டு. அகலமான வாய், அடியில் ஒரு நசுங்கல். அவளுடைய ஒரே மகனான அண்ணனின் பெயரில் முதல் எழுத்தைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். பழைய பாத்திரங்களில் பாதி எடைக்குப் போன பிறகும் அது மட்டும் அலமாரியில் நிற்கிறது. அதில் தண்ணீர் கொடுத்தால் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிடுவேன், குடிக்க மாட்டேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பெரியம்மாவும் கேட்டதில்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம் அது. எனக்குப் பத்தொன்பது வயது. கள்ளக்குறிச்சியில் தையல் கற்றுக்கொள்வதற்காகப் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தேன். அவள் ஊர், கல்வராயன் மலைக்குப் போகிற வழியில் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருந்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் நின்றது, அதோடு என் தையலும் நின்றது. மறியலுக்குப் போன அண்ணனைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்த ஜெயில் என்றே தெரியவில்லை. ஊரில் ஆளுக்கொரு சேதி சொன்னார்கள். எதை நம்புவது என்று புரியாமல் பெரியம்மா உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்து உட்கார்ந்திருப்பாள்.

வீட்டு மூலையில் அப்போது ஒரு கறுப்புக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் விளக்கு வைத்த கையோடு பெரியம்மா அந்தக் கூடைக்கு முன்னால் போய் நின்றாள். "முனியப்பா, எம் புள்ள முழுசா வூடு வந்து சேரணும். இந்த அடையில பொறக்கற சேவல் உனக்குத்தான்" என்று வேண்டிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் சந்தைச் சேவலைக் கொடுத்து வேண்டுதலைக் கழித்துவிட முடியாது. சொன்ன அடையில் பொரித்து, வீட்டிலேயே வளர்ந்ததாக இருக்க வேண்டும். உடம்பில் ஊனமும் இருக்கக் கூடாது.

குஞ்சுகள் வெளியே வந்தபோது நல்ல மழை. தாயையும் குஞ்சுகளையும் சிமெண்ட் தரையில் விட்டு, அடியில் செய்தித்தாள்களை விரித்தேன். அண்ணனைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறதா என்று பார்க்க வாங்கிய தாள்கள்தான். மற்ற குஞ்சுகள் சமாளித்துக்கொண்டன. கடைசியாகப் பொரித்த செவலைக் குஞ்சுக்கு மட்டும் கால்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக அகன்றுகொண்டே போயின. எழுந்திருக்கப் பார்க்கும், நெஞ்சு தரையில் இடிக்கும், ஒரு பக்கமாய்ச் சாய்ந்து உருண்டுவிடும். வழவழப்பான தாளில் கால் வழுக்கினால் இளங்குஞ்சுக்கு அப்படி ஆகும் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. அதன் காலைக் கெடுத்ததே நான்தான்.

அது தேறாது, விட்டுவிடு என்றாள் பெரியம்மா. எனக்கு மனசு கேட்கவில்லை. அண்ணனின் பழைய லுங்கியிலிருந்து மெல்லிய நாடாவாகக் கிழித்து, இரண்டு காலுக்கும் இடையில் ஒரு விரல் அகலம் விட்டுக் கட்டினேன். உட்கார்ந்தால் மறுபடி கால் விரியாமலிருக்க, ஒடுக்கமான ஏதாவது ஒன்றில் அதை நிறுத்த வேண்டியிருந்தது. கண்ணில் பட்டது அண்ணன் டம்ளர். எடுக்கத் தயங்கியபோது பெரியம்மாவே எடுத்துக் கொடுத்தாள்.

"அவன் வர்ற வரிக்கும் சும்மாதான கெடக்குது. எடுத்துக்கோ."

உள்ளே பழந்துணியை அடைத்து நிறுத்தினால் விளிம்புக்கு மேல் தலை மட்டும் தெரியும். நொய்யை ஊறவைத்து விரல் நுனியில் ஊட்டுவேன். கொஞ்சம் தெம்பு வந்ததும் சாக்கை விரித்து அதில் இறக்கிவிட்டு, எட்ட உட்கார்ந்து டம்ளர் விளிம்பை நகத்தால் தட்டுவேன். சத்தம் கேட்டதும் தத்தளித்துக்கொண்டு வரும், விழும், எழுந்து மறுபடி வரும். பெரியம்மாவும் விளக்கெண்ணெயைத் தொட்டு அந்தக் குச்சிக் கால்களை நீவிவிடுவாள். கட்டை அவிழ்த்த அன்று அது நேராக நடந்து என் மடியில் ஏறியது. "இன்னா நடை நடக்குது பாரு" என்று பெரியம்மா சிரித்தாள். அண்ணன் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அண்ணன் வந்தான். இளைத்துக் கறுத்திருந்தான், ஆனால் முழுசாக வந்தான். வேண்டுதலை ஆடியில் செலுத்துவதென்று முடிவாயிற்று. அந்த அடையில் இன்னும் இரண்டு சேவல் குஞ்சுகள் இருந்ததால் நான் கவலைப்படவில்லை. ஒன்றைப் பருந்து தூக்கியது, இன்னொன்று கழிச்சல் நோயில் போனது. ஆடி பிறந்தபோது மிஞ்சியிருந்த சேவல் என் செவலைதான். வீட்டுக்குள் எங்கே இருந்தாலும் டம்ளரைத் தட்டினால் ஓடி வருகிற சேவல். நாடாவை நாலு நாள் முன்னாலேயே அவிழ்த்திருக்கலாமே என்று நினைத்தேன். கொஞ்சம் நொண்டியிருந்தால் அது பிழைத்திருக்கும்.

வேறு சேவல் கொடுக்க முடியாதா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வாயால சொல்லிட்டனே பாப்பா. எம் புள்ளயக் கேட்டன், குடுத்துட்டான். இப்பப் போயி இல்லன்னா எப்பிடி?" என்றாள்.

முனியப்பன் கொல்லை மேட்டில் வேப்பமரத்தடியில் இருந்தான். பூசாரி சேவலை நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, காலெல்லாம் நன்றாயிருக்கிறது என்றார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார். சேவல் உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதுதான் உத்தரவு, உதறாமல் வெட்டக் கூடாது. அது அசையாமல் நின்றது. மறுபடி தெளித்தார், தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே நின்றது. ஏதோ குறை இருக்கிறது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மேல் கேஸ் இன்னும் முடியவில்லை. பூசைக்குத் தண்ணீர் மொள்ளப் பெரியம்மா அந்த டம்ளரைத்தான் எடுத்து வந்திருந்தாள். அதை என் கையில் கொடுத்தாள்.

"தட்டு பாப்பா."

நான் தட்டினேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். கையிலிருந்து நழுவவிட்டிருக்கலாம். தட்டினேன். செவலை சட்டென்று தலையைத் தூக்கி, உடம்பு முழுக்கச் சிலிர்த்துத் தண்ணீரை உதறிவிட்டு, நேர் நடையாக என்னைப் பார்த்து வந்தது. உத்தரவு கொடுத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அது என்னிடம் வர எடுத்து வைத்த அடியைச் சாமி கொடுத்த சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று குழம்பை நான் தொடவில்லை. பல்வலி என்று சொல்லிப் பெரியம்மாவும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள்.

அதன் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவள் வேண்டுதல் தீர்ந்த நிம்மதியில் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள், உறுத்தல் எனக்கு மட்டும்தான் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாசம் பார்க்கப் போயிருந்தேன். வாதம் வந்து பெரியம்மாவுக்கு இடது கால் சரியாக ஊன்ற வரவில்லை. தினமும் கொஞ்சம் நடக்க வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் பிடித்து நிறுத்தினான். கஞ்சியை ஆற்றிக்கொண்டு நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி எந்த டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள் என்று நான் கவனிக்கவில்லை. "வா பெரிம்மா, இன்னும் ரெண்டு அடிதான்" என்று சொல்லிக்கொண்டே என்னை அறியாமல் விளிம்பை நகத்தால் தட்டினேன்.

அவள் நின்றுவிட்டாள். அண்ணனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டாத பாப்பா" என்றாள். "அதுவும் இப்பிடித்தான் வந்திச்சு."

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போய், அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன்.