மருதாத்தாள் அக்காவும் மலையாள நாழிகையும்

குருவாயூருக்கு வண்டி கட்டுவதென்று பேச்சு வந்தபோது, வீட்டுக்கு நாலு படி அரிசி என்று முடிவாயிற்று. எங்கள் வீட்டில் அரிசிப் பானை காலி. மறுநாளே மருதாத்தாள் அக்கா வந்து, அரிசி தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டது, நீ உப்பு மட்டும் கொண்டு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் பங்கையும் அவளே அளந்து போட்டாள் என்பது எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அக்கா மலையாள எல்லையோரக் கோபாலபுரத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரி. உடுமலைப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். கைக்காசு அதிகம் கரையாமல் தூர வழி போய்வரத் திட்டம் போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மாட்டுக்கு வைக்கோல் எவ்வளவு, புளிச்சோறு எத்தனை வேளைக்குத் தாங்கும், எந்தச் சத்திரத்தில் கிணறு உண்டு என்பதெல்லாம் கிளம்பும் முன்பே விசாரித்து வைத்திருப்பாள்.

அந்தப் பயணம் என் மகனுக்காக. முதல் இரண்டு குழந்தைகளையும் ஆறு மாதம் நிறையுமுன் பறிகொடுத்தவள் நான். மூன்றாவது தங்கினால் ஆறாம் மாதத்துக்குள் குருவாயூரப்பன் சன்னதியில் முதல் சோறு ஊட்டுவதாக நேர்ந்திருந்தேன். அந்த மாதம் புதன்கிழமையோடு முடிந்தது.

மேற்கேயிருந்து தேங்காய் ஏற்றி வரும் வண்டிக்காரர் ஊருக்கு ஊர் இத்தனை நாழிக என்று சொன்னார். அக்கா அதைக் கூட்டிப் பார்த்து, ஞாயிறு விடியலில் புறப்பட்டால் செவ்வாய் உச்சிக்குள் சேரலாம் என்றாள். அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து இரண்டு வண்டியில் கிளம்பினோம்.

பிற்பகலில் வழியில் ஒருவரைக் கேட்டதற்கு, பாலக்காட்டுக்கு நாலு நாழிக என்றார். நாலு நாழிகை நேரம் போயிற்று. இன்னொருவரைக் கேட்டால், ரெண்டு நாழிக என்றார். அக்காவின் வீட்டுக்காரர் சென்னியப்பன் அண்ணன், "இந்த ஊர்ல நாழி நம்ம மாட்டைவிட மெதுவா நடக்குதே," என்று சிரித்தார்.

விஷயம் பாலக்காட்டுச் சத்திரத்தில் விளங்கியது. மலையாளத்தில் வழிக்குச் சொல்லும் நாழிக நேரமல்ல, தூரம், ஒன்றரை மைல். அதை வண்டியில் கடக்க இரண்டு நாழிகை நேரம் ஆகும். இப்படியே போனால் வியாழக்கிழமைதான் சேருவோம். நான் குழந்தையை அணைத்துக்கொண்டு அழுதேன்.

அக்கா எல்லார் முன்னாலும் வந்து நின்றாள்.

"தப்பு என்னுதுங்க. கமலா நேந்தது தவறக்கூடாது. ஒரு வண்டியைக் காலி பண்ணி இவங்களை முன்னால அனுப்பலாமுங்க. நாம நடந்துக்கலாம்."

யாரும் மறுக்கவில்லை. மூட்டைகள் எல்லாம் மற்ற வண்டிக்கு மாறின. நல்ல ஜோடியைப் பூட்டி, என் வீட்டுக்காரரையும் என்னையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு அண்ணன் ஓட்டினார். புதன்கிழமை காலை கோயில் வாசலில் இறங்கினோம். மகன் முதல் பருக்கையைத் துப்பினான். இரண்டாவதுக்குத் தானே வாயைத் திறந்தான்.

மற்றவர்கள் மறுநாள் மாலை வந்தார்கள். அக்காவின் பாதம் வீங்கியிருந்தது. சாமி கும்பிடப் போகுமுன், "தின்னானா?" என்றுதான் கேட்டாள். தின்றான் அக்கா என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏழு வருஷம் கழித்து அவளும் அண்ணனும் ராமேசுவரம் புறப்பட்டார்கள். கடலில் முழுகிச் சாமி கும்பிட்டுத் திரும்பும் வழியில் காய்ச்சல் கண்டு, புண்ணியவதி, மதுரையிலேயே கண்மூடினாள். கிளம்பிய அன்று நான் மகனோடு வண்டிக்குப் பின்னாலேயே வெகுதூரம் நடந்தேன். அக்கா தலையை வெளியே நீட்டினாள்.

"ஏம் புள்ள வெய்யல்ல வாறே, ஊட்டுக்குப் போ. நாங்க ஒண்ணும் அவசரமாப் போகல."