மணற்பரப்பில் ஒரு சிவப்புக் கட்டம்

இதனை நம்பும்படி எவரையும் நான் வற்புறுத்தவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் நான். காணாததைக் கண்டதாக எழுதும் வழக்கம் எனக்கில்லை. நடந்தது 2008 மார்ச் 12, புதன்கிழமை, பட்டப்பகல். இடம், மதுரை கே.கே. நகரில் என் பழைய மாணவன் சாய்குமாரின் மாடி அறை.

அவன் ஒரு கணினி நிரல் எழுதியிருந்தான். மன்னார் வளைகுடாவின் கடலடிப் படங்களைக் கொடுத்தால், உயிர்களைச் சுற்றிக் கட்டம் போட்டு எண்ணும். கடல் அட்டைக்கு எண் ஒன்று, நட்சத்திர மீனுக்கு இரண்டு, சங்குக்கு மூன்று. அது சரியாக எண்ணுகிறதா என்று பார்ப்பது என் வேலை.

என் மகன் சூரியபிரகாஷ் அதே வளைகுடாவில், படகிலிருந்து கேமரா இறக்கும் வேலை பார்த்தவன். 2005இல் கடலில் விழுந்தான். உடல் கிடைக்கவில்லை. 

கடற்படங்கள் வருமுன் நிரலைச் சோதிக்க, என் மகனுடைய கல்யாண ஆல்பத்தைக் கொடுத்திருந்தேன். அவன் முகத்துக்குப் பூஜ்யம் என்று எண் வைத்தோம். நூறு பேர் அமர்ந்த பந்திப் படத்திலும் அவனை மட்டும் அது பிடித்துவிட்டது.

"மாப்பிள்ளையை விடமாட்டேங்குது சார்," என்று சாய்குமார் சிரித்தான்.

அந்தப் புதன்கிழமை சாய்குமார் ஊரின் மறுபக்கம், காளவாசலுக்குப் போயிருந்தான். 3.05க்கு மருமகள் தாமரைச்செல்வி அழைத்தாள். தர்ப்பையில் உருவம் செய்து எரித்து, ஞாயிறன்று மகனுக்குக் கருமாதி நடத்துவதாகப் பேச்சு. அன்றே அவள் தாலியைக் கழற்ற வேண்டும். என் சம்மதம் ஒன்றே பாக்கி.

"மாமா, ஆளுகளை வரச் சொல்லிரவா?"

"சாயந்தரம் சொல்றேம்மா."

"மூணு வருசமா இதத்தான சொல்றீக."

வைத்துவிட்டாள்.

3.10. படம் 212. வெறும் மணல். நடுவில் சிறிய சிவப்புக் கட்டம். அதன் மேல் எண்... பூஜ்யம்.

தவறு என்று குறித்துவிட்டு அடுத்ததைத் திறந்தேன்.

213. மணல்தான். கட்டம் சற்றுப் பெரிதாக இருந்தது.

214... இன்னும் பெரிது. படகு நகர, கேமராவும் நகர்ந்தபடி வரிசையாக எடுத்த படங்கள் இவை. மணலில் கிடப்பது எதுவானாலும் பின்தங்கியிருக்க வேண்டும். கட்டம் நடுவிலேயே நின்றது.

3.16. தலைக்குமேல் மின்விசிறி சுழன்றது. அதன் சத்தம் கேட்கவில்லை.

219. கட்டம் திரையின் நான்கு ஓரங்களையும் தொட்டது.

220.

கட்டம் இல்லை.

என் நாற்காலிக்குப் பின்னால்... ஈர வேட்டி தரையில் இழுபடும் ஓசை. ஒரே ஒருமுறை.

நான் திரும்பவில்லை. 

3.20க்குத் தாமரைச்செல்வியை அழைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை வேணாம்மா."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. தாலி இன்றும் அவள் கழுத்தில் இருக்கிறது.

நான்கு மணிக்குச் சாய்குமார் வந்தான். பூஜ்யம் விழுந்த படங்களைக் காட்டினேன். நிரலைத் திறந்து வரி வரியாகப் பார்த்தான்.

"சார், ஆல்பத்தைப் போன மாசமே நிரல்ல இருந்து அழிச்சுட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு... அம்புட்டுத்தான் இப்ப அதுக்குத் தெரியும்."