நத்தைக்காரி பிராகோவின் ரத்தம்

கோனாங்கோ சந்தையில் பிராகோவிடம் பேரம் பேசி ஜெயித்தவர் இன்னும் பிறக்கவில்லை. அலுமினிய அண்டாவில் உயிருள்ள நத்தைகளைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒன்று விளிம்பேறித் தலையை நீட்டினால், "எங்கடி ஓடறே? வாங்க வந்தவ மூஞ்சியப் பார்த்துப் பயந்துட்டியா?" என்பாள். வந்தவள் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் விழிப்பாள். வயது ஐம்பத்து மூன்று. புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருடம். ஒரே மகன் அசியாமா, மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறான். அவனுக்குப் பின்னால் நான்கு பெற்றாள்; நான்கையும் மண்ணில் வைத்தாள். அதைப் பற்றி மட்டும் அந்த வாய் ஒருநாளும் திறந்ததில்லை.

நரம்பில்லாத நாக்கு என்பார்களே, அந்த நாக்கிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டவள் மருமகள் டுஃபி. டுஃபியின் மூத்த பெண்ணுக்கு ஆறு வயது. வீட்டிலேயே பிறந்தவள், குண்டுக்கல்லாக இருக்கிறாள். அடுத்துப் பிறந்த இரண்டும் உடம்பெல்லாம் மஞ்சளாகி, மூன்றாம் நாளைத் தாண்டவில்லை. இப்படி நடந்தால் அங்கே நோயைத் தேட மாட்டார்கள், சூனியக்காரியைத் தேடுவார்கள். அதற்கு ஒரு கணக்கும் உண்டு. பிள்ளைக்கு ரத்தம் கொடுப்பவள் தாய்; தகப்பன் கொடுப்பது ஆவியும் பெயரும்தான். அதனால் பிள்ளை தாயின் குலம். சூனியக்காரியால் தன் சொந்த ரத்தத்தைத்தான் தின்ன முடியும். அப்படியானால் தின்றது யார்? பெற்றவள், இல்லாவிட்டால் அவளைப் பெற்றவள்.

"எம் மகன் போடற ஃபுஃபுக் களி பத்தலைன்னு பிள்ளையவும் தின்னுட்டா" என்று பிராகோ ஊரறியச் சொன்னாள். டுஃபி நான்காவது பிரசவத்துக்கு மாவட்ட ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று மகனைத் தனியே கூப்பிட்டாள்.

"இதுவும் போச்சுன்னா அவளை அவ ஆத்தா வீட்டுல கொண்டுபோய் விட்டுரு. வேற பொண்ணு பார்த்து வச்சிருக்கேன்."

அசியாமா அம்மாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன்.

காலையில் ஆண் பிள்ளை பிறந்தது. சாயங்காலத்துக்குள் கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. மறுநாள் விடிந்ததும் டாக்டர் அம்மா வந்து பார்த்துவிட்டு, பிள்ளையின் ரத்தத்தை எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்ற வேண்டும், ஓ நெகட்டிவ் வேண்டும், கையிருப்பில் இல்லை, சொந்தக்காரர்களை உடனே வரச் சொல்லுங்கள் என்றார். டுஃபியின் அண்ணன் டான்சோ இரண்டு தம்பிகளைக் கூட்டிக்கொண்டு டாக்சியில் வந்து இறங்கினான்.

"எங்க குலத்துப் பிள்ளை. எங்க ரத்தந்தான் சேரும்" என்று மூன்று பேரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். பிராகோ வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டுமென்று அவளுக்கும் தோன்றவில்லை. மகன் பிள்ளையானாலும் குலம் வேறாயிற்றே.

கொஞ்ச நேரத்தில் ரத்தப் பரிசோதனைக்காரி ஃப்ரேமா வெளியே வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. "மூணு பேருமே பாசிட்டிவ். சேராது. அப்பாவும் பாசிட்டிவ்."

"அதெப்படி?" டான்சோ எகிறினான். "ஒரே வயித்துல பொறந்தவங்க நாங்க. எங்க தங்கச்சி பிள்ளைக்கு எங்க ரத்தம் சேரலைன்னா, பிள்ளைய மாத்திட்டீங்களா?"

"யாரும் மாத்தலை. உங்க தங்கச்சி நெகட்டிவ். பிள்ளை பாசிட்டிவ். அது அப்பாகிட்டேயிருந்து வந்தது."

பெஞ்சிலிருந்து பிராகோ சிரித்தாள். "அப்பன் ரத்தம் குடுப்பானா? நல்ல கதை! அப்படியே பாலும் குடுப்பானான்னு கேட்டுச் சொல்லு."

ஃப்ரேமாவுக்குக் கோபம் வரவில்லை. வாரத்துக்கு நாலு தரம் கேட்கிற பேச்சு. "அம்மா, ஆத்தா ஒரு பங்கு, அப்பன் ஒரு பங்கு. பாசிட்டிவ் இருக்கே, அது வாயாடி மாதிரி. பக்கத்துல நெகட்டிவ் உட்கார்ந்திருந்தாலும் இவ சத்தந்தான் கேக்கும். ரெண்டு பக்கமும் நெகட்டிவா வந்தாத்தான் பிள்ளை நெகட்டிவ். இந்தப் பிள்ளைக்கு அப்பன் பாசிட்டிவைக் குடுத்துட்டான். ஆத்தா உடம்பு அதை அந்நியன்னு நினைச்சு அடிக்குது."

"அப்ப மூத்தவ?" அசியாமா கேட்டான்.

"அவளும் பாசிட்டிவாத்தான் இருப்பா. முதல் பிள்ளை பொறக்கறப்பதான் அதோட ரத்தம் ஆத்தா உடம்புல கலக்கும். அப்புறந்தான் அது சண்டை கத்துக்கும். அதனால முதல் பிள்ளை தப்பிச்சுக்கும். பின்னால வர்றதுங்கதான் மஞ்சளாகிப் போறது."

முதல் பிள்ளை தப்பித்துக்கொள்ளும். பிராகோவின் சிரிப்பு நின்றுபோனது. மகனையே பார்த்தாள். அவள் முதல் பிள்ளை. முப்பத்து மூன்று வயதாகி, கதவோரம் தலைகுனிந்து நிற்கிறான். பெஞ்சை விட்டு எழுந்தாள்.

"எனக்கும் பாருடி."

"நீங்க எந்தக் குலம், பிள்ளை எந்தக் குலம்? உங்க ரத்தம் இங்க எதுக்கு?" என்றான் டான்சோ.

"நாலு பிள்ளையப் புதைச்ச குலம். தள்ளுடா அந்தாண்ட."

அவன் தள்ளி நின்றான்.

ஃப்ரேமா ஒருமுறை பார்த்தாள். நம்பாமல் இன்னொரு முறை பார்த்தாள். பிராகோவுக்கு ஓ நெகட்டிவ். அந்தப் பக்கத்தில் நூறு பேரில் ஆறேழு பேருக்குத்தான் நெகட்டிவே இருக்கும்.

"பெத்தவளும் இதே ரத்தந்தானே?" என்றாள் பிராகோ.

"அவ உடம்புல இப்ப எடுக்க ஏது? உங்களோடதுலகூடத் தெளிஞ்ச தண்ணிய எடுத்துட்டு, சிவப்பை மட்டும் கழுவித்தான் குடுப்போம். சண்டையெல்லாம் அந்தத் தண்ணியிலதான்."

மற்ற சோதனைகளும் முடிந்து, ஊசி ஏறியது. பை மெல்ல நிறைந்தது. பிராகோ அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஃப்ரேமா பேச்சுக் கொடுத்தாள். "உங்ககிட்ட நெகட்டிவைத் தவிரக் குடுக்க ஒண்ணுமில்ல. அதனால உங்க மகனுக்குள்ள உங்க பங்கு கண்டிப்பா ஒளிஞ்சிருக்கு. இனி ஒரு பிள்ளை வந்தா, அதுக்கு அவன் உங்க பங்கைக் குடுக்கலாம், அவங்க அப்பா பங்கைக் குடுக்கலாம். பாதிக்குப் பாதி. உங்களோடது வந்துச்சுன்னா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

பிராகோ காதில் அது பாதிதான் விழுந்தது. "அப்ப என் நாலும்?"

"மஞ்சளா இருந்துச்சா?"

"மூணு மஞ்சள். கடைசி, செத்தே பொறந்துச்சு."

"நீங்க ஒண்ணும் பண்ணலைம்மா. முதல் பிரசவமானதும் மூணு நாளுக்குள்ள ஒரு ஊசி போட்டிருந்தா எல்லாம் இருந்திருக்கும். அந்தக் காலத்துல இங்க அது ஏது?"

நீங்கள் ஒன்றும் பண்ணவில்லை. இந்தச் சொல்லை அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. தன் பிள்ளைகள் போனபோது நாத்தனார்கள் அவள் சமைத்ததைத் தொடாமல் ஒதுக்கி வைத்தார்கள். சூனியக்காரிக்குத் தான் சூனியக்காரி என்பதே தெரியாது, தூங்கும்போது ஆவி தானாகப் பறந்துபோய்த் தின்றுவிட்டு வரும் என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவளும் நம்பினாள். முப்பது வருடமாக, தின்றது தானாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். டுஃபியின் பிள்ளைகள் செத்தபோது அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதி வந்தது. ஊரில் தன்னைப் போல் இன்னொருத்தி இருக்கிறாள் என்ற நிம்மதி. அதை நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள்.

"அம்மா, கையை ஆட்டாதீங்க" என்றாள் ஃப்ரேமா.

மத்தியானம் தொடங்கிச் சிறுகச் சிறுகப் பிள்ளையின் ரத்தத்தை மாற்றினார்கள். நான்காம் நாள் கண்ணில் வெள்ளை தெரிந்தது. பால் குடித்தான். பிழைத்துக்கொண்டான் என்று டாக்டர் அம்மாவே சொன்னார்.

அதன்பிறகுதான் பிராகோ வார்டுக்குள் போனாள். அவளைக் கண்டதும் டுஃபி பிள்ளையின் முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டாள். பிராகோ கட்டிலருகே நின்று, பன்னிரண்டு கட்டிலுக்கும் கேட்கிற சந்தைக் குரலில் சொன்னாள்:

"எல்லாரும் கேட்டுக்கங்க. இவ பிள்ளைகள இவ தின்னலை. நான் சொன்னது பொய். அபாண்டம்." மூச்சு வாங்கியது. அடுத்தது மெதுவாக வந்தது. "நானும் தின்னலை."

டுஃபி மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? பிறகு துணியை விலக்கிவிட்டு, கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"அத்தை, அண்ணன் எல்லாம் சொன்னாரு. போன உங்க நாலு பிள்ளைக்கும் பேரு என்ன?"

"பேரு ஏதுடி? எட்டாம் நாள் வரைக்கும் இருந்தாத்தானே பேரு."

"என்னைக்குப் பொறந்தாங்கன்னாவது சொல்லுங்க. பொறந்த கிழமைப் பேராவது இருக்குமே."

பிராகோ உட்கார்ந்தாள். ஒரு விரலை மடக்கினாள்.

"மொதல்ல போனது பொண்ணு, வியாழக்கிழமை. பகல்ல. மழை பேஞ்சுகிட்டிருந்துச்சு" என்று சொல்லத் தொடங்கினாள்.