கழுத்தில் மாலை இருக்கும்வரை

"குட் மார்னிங், மேடம். ஹௌ வுட் யூ லைக் யுவர் எக்ஸ்?" என்று கேட்டுவிட்டு ஆண்டிச்சாமி காலி நாற்காலிக்கு முன்னால் குனிந்து நிற்பார். முட்டையை எப்படிச் செய்யச் சொல்லட்டும் என்று அர்த்தம். நாற்காலி என்ன சொல்லப் போகிறது? ஆனாலும் பதிலுக்குக் காத்திருப்பதுதான் மரியாதை என்று ஹோட்டலின் ஹெட் பட்லர் சொல்லிக் கொடுத்திருந்தார். காத்திருந்துவிட்டு, "வெரி குட், மேடம்" என்பார். உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வார். பழனிக்கு மாலை போட்ட வாயால் முட்டை என்று சொல்லியாகிவிட்டதே.

இதெல்லாம் மார்கழி விடியலில், கொடைக்கானல் ஏரிக்கு மேலே இருந்த அந்த ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் நடக்கும். வெளியே புல்லெல்லாம் உறைபனி பிடித்து வெள்ளையாகக் கிடக்கும். விருந்தாளி என்று ஈ காக்கை இருக்காது. மேஜைமேல் கவிழ்த்து வைத்த நாற்காலிகளில் சிலவற்றை இறக்கிப் போட்டு, பச்சைத் தண்ணீரில் குளித்த தலையோடு, மனுஷன் ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டு வருவார்.

பேத்துப்பாறையிலிருந்து காய் நறுக்க வந்தவர். நறுக்கினார், தட்டுக் கழுவினார், பிறகு தட்டு ஏந்தினார். அதற்குள் தலையில் நரையும் விழுந்துவிட்டது. ஆசை ஒன்றே ஒன்றுதான். ஹெட் பட்லர் போடுகிற வெள்ளைக் கோட்டை ஒரு நாளாவது தான் போட வேண்டும். குறுக்கே நின்றது இங்கிலீஷ் மட்டும். எழுத்துகூட வேண்டாம், பேச்சு வந்தால் போதும். ஹெட் பட்லரிடம் கேட்டுக் கேட்டு வாயாலேயே படித்தார்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் மார்கழியில் மாலை போடுவார்கள். மாலை ஏறிவிட்டால் பீடி கிடையாது, வெந்நீர் கிடையாது, கறி மீன் கிடையாது. ஆண்டிச்சாமி தன் பங்குக்கு விடியற்கால இங்கிலீஷையும் சேர்த்துக்கொண்டார். சாமிக்குக் கொடுத்த வாக்கல்லவா, ஒரு நாள் தவற மாட்டார். காய்ச்சலில் பல் கிடுகிடுத்தபோதுகூட, சூப் வேண்டுமா என்று நாற்காலியை நடுங்கிக்கொண்டே கேட்டவர்.

மலையிறங்கிப் போய், பழனியில் குருசாமி குருநாதன் கையால் மாலை கழன்றதோடு எல்லாம் சரி. வீட்டுக்கு வந்ததும் பீடி வந்துவிடும், வெந்நீர் வந்துவிடும், இங்கிலீஷ் போய்விடும். தங்கச்சி வீட்டில் விசேஷம் என்பார், முதுகு பிடித்திருக்கிறது என்பார். "நாளைக்கு வெள்ளனே எந்திரிச்சு ஒரு பிடி பிடிச்சிருவோம்ல" என்பார். சித்திரையில் சீசன் களைகட்டி நாற்காலியெல்லாம் நிறையும்போது அவர் வாயில் "எஸ் மேடம்" மட்டும் மிஞ்சியிருக்கும். கொடுமையைப் பாருங்கள், ஆளில்லாத கூடத்தில் பொழிந்த மனுஷனுக்கு ஆள் வந்தால் பேச்சில்லை.

ஒரு வருஷம், கழற்றினால்தானே வம்பு என்று மாலையோடேயே பழனியிலிருந்து கொடைக்கானலுக்குத் திரும்பிவிட்டார். ஒரு வாரம் ஆகவில்லை. சமையல்கட்டுக்குப் பின்னால் மாலையும் பீடியுமாகத் தான் நிற்பது சுருக்கென்று உறைத்தது. அன்றைக்கே தானே கழற்றிச் சாமி படத்தில் மாட்டிவிட்டார்.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதத்தில் அவர் நாற்காலிகளோடு பேசிக்கொண்டிருந்ததை ஹோட்டலை நடத்துகிற மேனேஜர் அம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டார். சிரிக்கவில்லை. ஹெட் பட்லர் சித்திரையோடு வேலையை விட்டு ஊருக்குப் போகிறார், சீசனில் இதே மாதிரி பேசினால் அந்த இடம் உனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆண்டிச்சாமி கால் தரையில் பாவாமல் நாயுடுபுரத்து வீட்டுக்கு ஓடினார். மனைவி பொன்னுத்தாய் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் அவள் கண் கலங்கிவிட்டது. உரிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்:

"சாமிக்குப் பயந்துதானங்க இத்தன வருஷமும் படிச்சீங்க. மாலையக் கழட்டுன பெறகு, ஒங்களுக்குன்னு படிங்க."

"அதுக்கு மூணு மாசம் கெடக்குல்ல, பாத்துக்கிருவோம்" என்றார் அவர்.

பழனியில் கண்ணீர் மல்க வேண்டிக்கொண்டார். குருசாமி மாலையைக் கழற்றினார். மாசி பிறந்ததும் சில நாள் பொன்னுத்தாய் விடியலில் போர்வையை இழுத்துப் பார்த்தாள். எழுந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை சொல்லி, அப்படியே சாய்ந்துவிடுவார். பிறகு அவளும் விட்டுவிட்டாள். சோம்பேறி என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்தான். ஆனால் மத்தியானம் அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அப்படிச் சொல்ல மனசு வராது. காலையில் விட்டதை நினைத்துப் பகலெல்லாம் குமைவார். குமைந்த அலுப்பில் மறுநாளும் தூங்கிவிடுவார்.

சித்திரை வந்தது. கூடம் நிறைய ஆட்கள். மேனேஜர் அம்மா வெள்ளைக் கோட்டை அவரிடம் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஜன்னலோர மேஜையில் பம்பாயிலிருந்து வந்த தம்பதி, தமிழ் தெரியாதவர்கள். அவர்களைக் கவனித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டு, ஹெட் பட்லரோடு வாசலில் நின்றுகொண்டார். ஆண்டிச்சாமியின் வயதில் பாதியே ஆன சர்வர் ஞானவேல் அடுத்த மேஜையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தான்.

ஆண்டிச்சாமி முறையாகக் குனிந்தார். "குட் மார்னிங், மேடம்" கணீரென்று வந்தது. அடுத்தது முட்டை. மார்கழி முழுக்க நாற்காலிகளிடம் கேட்ட கேள்விதான். நாக்கு நுனிவரை வந்து நின்றுகொண்டது. அந்த அம்மாள் முகத்தில் சிரிப்பு மாறாமல், மரியாதையாகக் காத்திருந்தாள். நாற்காலிக்கு முன்னால் அவர் காத்திருப்பாரே, அதே மாதிரி. ஞானவேல் கெட்டிலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

ஆண்டிச்சாமியின் வலது கை மெல்ல எழுந்தது. கோட்டுக் காலருக்குள் நுழைந்து, வெறும் கழுத்தைச் சுற்றி விரல்களால் தடவித் தேடியது. பிறகு கீழே இறங்கி, கோட்டின் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கியது.