லாசரோ பாடமாக்கிய அட்டை

வலது கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி அந்தப் பெண் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் கரண்டியைத் தந்தாள். குசினிக் கரண்டி இல்லை, கண்ணை மறைப்பதற்கென்றே செய்த ஒன்று. இந்த வயதில் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால் கண்ணைக் காட்டிவிட்டு வா என்கிறார்கள். சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளியுள்ள கடைத்தொகுதியில் ஒரு கண்ணாடிக் கடை. மகள் காரில் கூட்டிக்கொண்டு வந்து, பின்னால் கதிரையில் இருந்து போனைத் தடவிக்கொண்டிருந்தாள். அறையில் ஸ்பிரிட் மணத்தது. தெரிகிற மட்டும் வாசிக்கும்படி பெண் சொன்னாள். இடது கண்ணைத் திறந்தேன், அவ்வளவுதான், வாய் தன்பாட்டில் தொடங்கிவிட்டது.

"ஈ. எஃப், பீ. ரீ, ஓ, இஸட்."

பெண் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திரையில் அப்படி ஒரு வரியும் இல்லை.

"அப்பா, வாட் ஆர் யூ ரீடிங்?" என்றாள் மகள்.

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், நீங்கள் என் மகள் இல்லை என்ற துணிவில்.

ஸ்பிரிட் மணம்தான் முதலில் என்னை இழுத்துக்கொண்டு போனது. நான் ஊரில், யாழ்ப்பாணத்தில், பௌதிகவியல் படிப்பித்தவன். ஒளியும் வில்லையும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாடம் எடுப்பேன். சிட்னியில் என் சான்றிதழ்களை மரியாதையாக வாங்கிப் பார்த்தார்கள், மரியாதையாகத் திருப்பித் தந்தார்கள். பிறகு ஒருவர் கையில் விளக்குமாற்றைத் தந்தார். லிட்கமில் காலையில் ஒரு டொக்டரின் கிளினிக்கைத் துப்புரவாக்குவேன், பின்னேரம் டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்த குத்துச்சண்டை ஜிம்மை. கிளினிக்கில் ஸ்பிரிட் மணம், ஜிம்மில் வியர்வையும் நோவெண்ணெயும் ஈரத் தோலும் கலந்த மணம். இரண்டும் என் சேர்ட்டில் ஏறி, நான் பஸ்ஸில் இருந்தால் பக்கத்து ஆள் எழும்பி வேறு இடம் பார்ப்பார்.

ஜிம்மில்தான் லாசரோவைக் கண்டேன். மெக்சிக்கோவிலிருந்து வெங்காயம் பிடுங்க வந்த தகப்பனுக்கு, டெக்சாஸில் எல்லையோரத்து ஊர் ஒன்றில் பிறந்தவன். நிறத்தைப் பார்த்து நான் முதல்நாள் தமிழில் கதைத்துவிட்டேன். அவன் ஸ்பானிய மொழியில் பதில் சொன்னான். இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, அன்றிலிருந்து சிநேகிதம். நான் வாத்தியார் என்று அறிந்ததும் "புரொஃபே" என்றுதான் கூப்பிடுவான். நாங்கள் அப்போது வாடகைக்கு இருந்த வீட்டில் ஒரு அறை காலியாக, அவன் பெட்டியோடு வந்து சேர்ந்தான். வீட்டில் என்னோடு இருந்தது டாக்சி ஓட்டிய வட்டுக்கோட்டைச் சிவம். வந்த இரண்டாம் நாளே அவனுக்கு லாசரோ, "லாசர் அண்ணை" ஆகிவிட்டான்.

அவனுடைய வாழ்க்கை முழுவதும் அவனது அறைச் சுவரில் இருந்தது. சண்டைகளின் போஸ்டர்கள். மேலே இருந்தது அவன் பத்தொன்பது வயதில் தொழிலுக்கு வந்த புதிதில் அச்சடித்தது, பெயர் பெரிதாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் லாஸ் வேகஸில் பட்டத்துக்காகப் போட்ட சண்டை, பெயர் இன்னும் பெரிது. பன்னிரண்டு சுற்றும் நின்று, நடுவர்களின் புள்ளியில் மயிரிழையில் தோற்றான். அதற்குப் பிறகு யாரும் அவனை வெல்லக் கூப்பிடவில்லை. வளர்ந்துவரும் ஆட்களுக்கு எதிரில் நிற்க, பெயருள்ள ஒருவன் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். சிட்னிக்கும் அப்படித் தோற்கத்தான் கொண்டுவந்தார்கள். அவன் பிழையாக வென்றுவிட்டு இங்கேயே தங்கிவிட்டான். சுவரில் கீழே வர வர போஸ்டர்களில் அவன் பெயர் சின்னதாகிக்கொண்டே வந்தது. அதை நான் பகிடியாகச் சொன்னேன். அவனும் சிரித்தான். அப்போது எனக்கு அந்தச் சுவர் எதை ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும் என்பது இப்போதுதான் தெரிகிறது.

கடைசிப் போஸ்டர் மெல்பேர்ன் சண்டைக்கானது. ஜிம் கோச் கொண்டுவந்து கொடுத்தார். லாசரோ அதை வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்தான், தள்ளிப் பிடித்தான், பிறகு காகம் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்து ஒரு பக்கக் கண்ணால் பார்த்தான்.

"புரொஃபே, இதில என்ர பேர் எங்க கிடக்கு?"

அவன் பேசியது ஆங்கிலமும் ஸ்பானியமும் கலந்து. என் ஞாபகம் அதை யாழ்ப்பாணத் தமிழில்தான் வைத்திருக்கிறது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. பெயர் இடது பக்கக் கரையில் இருந்தது. விரலை வைத்துக் காட்டினேன். அதற்கு முதலும் சின்னச் சின்ன விஷயங்கள் நடந்துதான் இருந்தன. தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுவான். கதவு நிலையில் இடது தோளை இடிப்பான். சிவம் அந்தப் பக்கமாக வந்து கதைத்தால் திடுக்கிடுவான். எல்லாவற்றையும் அடி வாங்கிய களைப்பு என்று நினைத்தோம். அன்றைக்குத்தான் வாய் திறந்தான்.

"ஒரு பூச்சி பறக்குது. இடது பக்கத்தில, எந்த நேரமும். இப்ப ரெண்டு கிழமையா மேலயிருந்து ஒரு கறுப்புச் சீலையும் இறங்குது."

"டொக்டரிட்டச் சொன்னனியோ?"

"சொன்னா என்ர குத்துச்சண்டை லைசென்ஸ் போயிடும்."

மெல்பேர்னில் வென்றால் அடுத்த சண்டை டெக்சாஸில், அவன் ஊருக்குக் கிட்ட. அப்படி ஒரு வாக்கு இருந்தது. எட்டு வருடமாக அவன் வீட்டுக்குப் போகவில்லை. "தோத்தவனா வீட்டு வாசல்ல போய் நிக்கேலாது" என்றான். இந்தச் சொல்லை எத்தனை பேர் வாயில் கேட்டிருக்கிறேன். விசா கிடைக்காதவர்கள், சோதனை தவறியவர்கள், நானும்தான். அதனால் எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கம்தான் வினையாகப் போயிற்று.

சண்டைக்கு முதல் மருத்துவச் சோதனை. செய்வது நான் துப்புரவாக்கும் கிளினிக்கின் டொக்டர். அந்தக் காலத்தில், அந்த டொக்டரிடம், கண்ணுக்கு ஒரேயொரு சோதனைதான், சுவரில் ஆணியடித்துத் தொங்கிய, கீழே வர வர எழுத்து சின்னதாகிற அட்டை. அதை வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்டியவன் நான். அடுத்த நாள் காலை, கிளினிக் திறக்க முதல், ஒரு கடை ரசீதின் பின்பக்கத்தில் எழுத்துகளை வரி வரியாக எழுதிக்கொண்டேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு குணம் உண்டு, உங்களுக்குத் தெரியாததா? சோதனை என்று ஒன்று வந்தால் பாடமாக்கிவிடுவோம். விளங்கியதா இல்லையா என்பது பிறகு. நான் இரசாயனவியலைப் பாடமாக்கிப் பாஸ் பண்ணியவன். இந்த நாட்டுக் குடியுரிமைக் கேள்விகளையும் அப்படியே விழுங்கி ஒப்புவித்தவன். சோதனை என்பது தாண்டவேண்டிய மதில், அவ்வளவுதான். அது நம்முடைய நன்மைக்காக எதையோ கேட்கிறது என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

மூன்று பின்னேரம் குசினி மேசையில் பாடம் நடந்தது. சின்ன வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லும் ராகம் இருக்கிறதே, அந்த ராகத்தில். எஃப் பீ, ரீ ஓ இஸட், எல் பீ ஈ டீ. சிவம் கரண்டியால் தாளம் போட்டான். லாசரோ கயிறு பாயும்போதும் அதையே முணுமுணுத்தான், ஒரு பாய்ச்சலுக்கு ஒரு எழுத்து. சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. இரண்டாம் நாள் சிவம் தாளத்தை நிறுத்தினான்.

"டேய், கண் தெரியாத மனுசனுக்கு அட்டை தெரிஞ்சு என்ன பிரயோசனம்? அங்க நிண்டு குத்தப்போறது அட்டையே?"

"முதல்ல சோதனையைப் பாஸ் பண்ணட்டும்" என்றேன்.

என் வாயிலிருந்து வந்த வசனம் இதுதான். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

சோதனை நடந்தபோது நான் கிளினிக் நடையில் மொப்போடு நின்றேன். அறைக் கதவு அரைவாசி திறந்திருந்தது. வலது கண்ணை மூடச் சொன்னார் டொக்டர். லாசரோ தொடங்கினான். ராகத்தை விடச்சொல்லிப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். இரண்டாம் வரியிலேயே ராகம் வந்துவிட்டது. வரி வரியாக இறங்கினான். டொக்டர் போதும் என்றார், அவன் நிற்கவில்லை. நான் ஒரு பக்கத்தைப் பாடமாக்கினால் அடிக்குறிப்பு வரைக்கும் பாடமாக்குகிற ஆள். அவனுக்கும் கடைசி வரி வரைக்கும் கொடுத்திருந்தேன். எறும்பு அளவு எழுத்து. நல்ல கண் உள்ளவனுக்கே அவ்வளவு தூரத்திலிருந்து தெரியாது. டொக்டர் அட்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். இனிக் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கப்போகிறார் என்று நினைத்தேன். பார்க்கட்டும் என்று எனக்குள் யாரோ வேண்டிக்கொண்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். டொக்டர் சிரித்தார். "உனக்குப் பருந்துக் கண்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சண்டை ஒரு ஞாயிறு பின்னேரம். சிவம் டாக்சிக்கு லீவு போட்டுவிட்டுத் தன் காரில் என்னை மெல்பேர்னுக்குக் கூட்டிப்போனான். வழி முழுவதும் அவன் அதிகம் கதைக்கவில்லை. மெல்பேர்னுக்கு வெளியே த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த்தான் மண்டபத்துக்குப் போகவேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். மலையடிவாரத்தில் குளிர் காற்று, பனிப்புகார், ஆட்கள் குறைவு. தேங்காய் உடைத்தேன். அது அழுகியிருந்தால் ஓடிப்போய்ச் சண்டையை நிறுத்தியிருப்பேனோ என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். அது அழுகவில்லை. நடுவால் பிளந்து, வெள்ளை வெளேரென்று இருந்தது. நானும் நம்பினேன்.

எங்களுக்குக் கிடைத்த இடம் முன்வரிசை, அவனுடைய மூலைக்கு இடது பக்கம். எதிராளி இருபத்தொரு வயது உள்ளூர் இளைஞன், வேகம் இருந்தது, அனுபவம் இல்லை. முதல் இரண்டு சுற்றும் லாசரோதான் வென்றான். பழைய ஆட்டக்காரனின் கால்கள், எங்கே நிற்கவேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும். சனம் அவனுக்கும் கைதட்டியது. இரண்டாவது சுற்று முடிந்து அவன் மூலைக்கு வந்தபோது நான் எழும்பிக் கையை ஆட்டினேன். எட்டித் தொடுகிற தூரம். அவன் இடது கண் என் பக்கம்தான் இருந்தது, ஆனால் என்னைக் காணவில்லை. பக்கத்தில் சிவம், "ஐயோ" என்றான், மெல்லிய குரலில்.

மூன்றாவது சுற்றில் எதிர் மூலைக்காரர் கண்டுபிடித்துவிட்டார்கள். "வலது! வலதுகையால அடி!" என்று ஆங்கிலத்தில் கத்தத் தொடங்கினார்கள். அந்த இளைஞனின் வலதுகை லாசரோவின் இடது பக்கத்தில் வந்து விழும். ஒவ்வொரு அடியும் விழுந்த பிறகுதான் அவன் தலையைத் திருப்பினான், பின்னாலிருந்து யாரோ தோளைத் தட்டியதுபோல. நாலாவது சுற்றிலும் அதுவே. நான் "பிடியுங்கோ, நிப்பாட்டுங்கோ" என்று தமிழில் கத்தினேன். யாருக்கு விளங்கும்? ஐந்தாவதில் விழுந்தான். எழும்பினான். மறுபடி விழுந்தான்.

அடுத்த நாள் காலை ஆஸ்பத்திரி வார்டில் அதே ஸ்பிரிட் மணம். இடது கண் கட்டியிருந்தது. அதில் இனிப் பார்வை வராது என்று கண் டொக்டர் சிவத்திடம் சொல்லியிருந்தார். வலது கண் வீங்கி ஒரு கீற்றாகத் திறந்திருந்தது. நான் கட்டிலின் காலடியில் நின்றேன். தாதி குனிந்து, அன்பாக, "என்ன தெரியுது, சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்டாள்.

லாசரோ எதிர்ச் சுவரை நோக்கித் தலையை நிமிர்த்தினான். "ஈ" என்றான். "எஃப், பீ. ரீ, ஓ, இஸட். எல், பீ, ஈ, டீ." ராகம் ஒரு இடமும் பிசகவில்லை.

"அங்க ஒண்டும் இல்லை, டார்லிங்" என்றாள் தாதி. "அது வெறும் சுவர்."

அவன் நிறுத்தினான். பிறகு என் செருமலைக் கேட்டிருக்க வேண்டும். "புரொஃபே, நிக்கிறியோ?" என்றான். "நீ நல்லாத்தான் படிப்பிச்சனீ."

அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை தேடுகிறேன். இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் உண்மையாகவே நன்றி சொன்னான் என்றுதான் படுகிறது. எனக்கு அதைவிட வெட்கமான நாள் வேறு வந்ததில்லை.

ஆறு கிழமையில் டெக்சாஸுக்குப் போனான், தோற்றவனாகத்தான். விமான நிலையத்தில் அவனுடைய இடது பக்கமாக நின்று நான் அழுதேன், அந்தப் பக்கம் அவனுக்குத் தெரியாது என்பதால். இரண்டு வருடம் கிறிஸ்மஸுக்கு அட்டை வந்தது, பிறகு வரவில்லை. அவன் தந்த போன் இலக்கம் இப்போது யாருக்கும் அடிப்பதில்லை. இன்ரநெற்றில் அவன் சண்டைகளின் பட்டியல் மட்டும் கிடக்கிறது. மேலே வெற்றிகள், கீழே தோல்விகள், கடைசியில் மெல்பேர்ன், ஐந்தாவது சுற்று. அதற்குக் கீழே வெறுமை. ஜிம் இருந்த இடத்தில் எட்டு மாடி வீடுகள். கிளினிக்கில் இப்போது குளிர்பானக் கடை. சிவமும் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தக் குசினி மேசையின் சிரிப்பை ஞாபகம் வைத்திருக்க என்னைத் தவிர ஆள் இல்லை.

கண்ணாடிக் கடைப் பெண் இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்.

"முந்தி சுவரில ஒரு அட்டை தொங்கும்" என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அதையெல்லாம் எப்பவோ கழட்டியாச்சு" என்று சிரித்தாள். "ஆக்கள் பாடமாக்கிப்போட்டு வந்திடுவினம்." ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் எழுத்துகள் எல்லாம் இடம் மாறி, புதிதாக வந்து நின்றன. "திரும்ப வாசியுங்கோ."

என் இடது கண்ணில் புகார் மாதிரி ஏதோ அசைந்தது. மகள் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியேல்லை" என்றேன். அந்த ஒரு சொல்லை நான் லாசரோவுக்குப் படிப்பிக்கவில்லை.