ரெஜினா அக்காவின் கரிமூட்டம்

உற்பத்தியாளர் என்றால் பெரிய மில் முதலாளி என்பார் எங்கள் வாத்தியார். பாவம், அவர் எம்.ரெட்டியபட்டி ரெஜினா அக்காவைப் பார்த்ததில்லை. எண்பத்தெட்டாம் வருஷம், யாரும் சீண்டாத சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண் மூடி, உள்ளே தீ மூட்டி, அக்கா முதல்முறையாகக் கரிமூட்டம் போட்டார். காற்றுப் புகுந்தால் எல்லாம் சாம்பலாகிவிடும் என்று ஒரு வாரம் விரிசல்களை அடைத்துக்கொண்டே கிடந்தார்.

மூட்டத்தைப் பிரிக்கிற அன்று டீக்கடைச் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி சிரித்தார். “ஏம்மா, பல்லு வெளக்கச் சாம்பலா?”

“உங்க பல்லுக்கு இது பத்தாது, அண்ணாச்சி.”

சொல்லிக்கொண்டே அக்கா மண்ணைத் தள்ளினார். ஒரு துண்டை எடுத்துக் கல்லில் தட்டினார். ‘கிணிங்’ என்றது. நல்ல கரி! முகமெல்லாம் கறுப்பும் சிரிப்புமாக நிமிர்ந்தார்.

“பாய்லருக்கு ரெண்டு மூட்டை எடுத்து வையி,” என்றார் அண்ணாச்சி.

“இஸ்திரிக்காரவுக முன்னாடி நிக்காக. வரிசையில வாங்க!”

அண்ணாச்சி இஸ்திரிக்காரர்களுக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றார்.