வெறும்வயிற்று வண்டி

“வாயைத் திறங்க.”

வேனில் ஏறக் காலைத் தூக்கிய தையற்காரர், தூக்கிய காலோடு நின்றார். ஓட்டுநர் கிட்டே வந்து மூக்கை நீட்டினார்.

“டீ வாசனை வருதே?”

“வாய் கொப்புளிச்சேன்யா, அவ்வளவுதான்.”

“டீயிலயா?”

“எனக்கு முட்டியில ஸ்கேன். முட்டிக்கும் டீக்கும் என்னய்யா சம்பந்தம்?”

“அங்க போனதும் வயித்தையும் சேர்த்துப் பார்த்துடலாம்னு சொன்னா? இன்னொரு தடவை உங்களை யார் தூக்கிட்டுப் போறது, உங்க தையல் மெஷினா?”

ஊர் மருத்துவமனையின் வெள்ளை வேனை ஓட்டும் இவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. ஊருக்கு இவர் ‘வெறும்வயிறு’. தலையோ, காலோ, முதுகோ, எதைப் படம் பிடிக்கப் போனாலும் இவர் வண்டியில் ஏறுகிறவர் பட்டினியாகத்தான் ஏற வேண்டும். இதெல்லாம் தேவையில்லை என்று டாக்டரம்மா பலமுறை சொல்லிவிட்டார். “நீங்க சீட்டு எழுதிட்டு உட்கார்ந்திருப்பீங்க. திரும்பத் திரும்ப அலையறது யாரு?” என்று அவரிடமே எகிறுவார். எரிச்சலான மனிதர்தான். ஆனால் அந்த எரிச்சலில் பாதி சாலையின் நீளத்திலிருந்து வருவது.

அரைநாள் பயணம் அது. வழியில் ஊர்கள் வரும். ஊருக்கொரு மருத்துவமனை வரும். எதிலும் ஸ்கேன் கிடையாது. கடைசியில் தலைநகரத்துப் பெரிய மருத்துவமனையின் பின்தெருவுக்குள் வண்டி திரும்பும்போது பார்க்கவேண்டும். கீழ்த்தளத்தில் ஸ்கேன், மாடியில் ஸ்கேன், எதிர்வீட்டில் ஸ்கேன். பெயர்ப் பலகைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கும். ஒரு கடை விளம்பரத்தில் சிரிக்கும் அதே குடும்பம் பக்கத்துக் கடையிலும் சிரிக்கும். ஒவ்வொரு முறையும் அந்தத் திருப்பத்தில் இவர் வாய் சும்மா இருக்காது.

“மொத்தத்தையும் இந்த ஒரு தெருவுல கொண்டாந்து கொட்டிட்டானுங்க. லாரியில வரும்போது ஒண்ணே ஒண்ணு வழியில தவறி விழுந்திருந்தாகூட நாம பொழச்சிருப்போம்.”

தவறி விழாவிட்டாலும், ஒன்று வந்தே சேர்ந்தது. மூன்று வருடத்துக்கு முன் இவருடைய மருத்துவமனைக்கே ஓர் இயந்திரம் வந்து இறங்கியது. தனி அறை கட்டினார்கள், நாடா வெட்டினார்கள், கைதட்டினார்கள். இயக்க ஆள் போட்டார்கள். அந்த ஆள் வந்தார், ஊரைச் சுற்றிப் பார்த்தார், விடுப்பில் போனார், போன இடத்திலேயே மாற்றல் வாங்கிக்கொண்டார். யானை வாங்கியவன் அங்குசம் வாங்க மறந்த கதைதான். அந்த அறைப் பூட்டு நல்ல பூட்டு என்பதால் வேனின் மாற்றுச் சக்கரங்களை இப்போது அங்கே வைக்கிறார்கள். சக்கரம் எடுக்கப் போகும்போதெல்லாம் இவர் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் இயந்திரத்தைப் பார்த்து, “தூங்கு ராசா, தூங்கு. உனக்கென்ன, நான்தான் இருக்கேனே ஓடறதுக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் வருவார்.

சில ஸ்கேன்களுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். எந்த இடத்தில் தண்ணீர் குடிக்கத் தொடங்குவது என்பதையும் இவரே முடிவு செய்வார். சுங்கச்சாவடி தாண்டும்வரை பாட்டிலைத் தொடக்கூடாது. தாண்டியதும் பின்னால் திரும்பாமலே, “ம், குடிங்க” என்பார். ஒருநாள் அந்த ஸ்கேன் தெருவின் முனையில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். வண்டி நகரவில்லை. பின்சீட்டில் கர்ப்பிணி டீச்சர் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதார். இவர் இறங்கி ஓடி, முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டி, “அம்மா, தாயே, உங்க பாத்ரூமைக் கொஞ்சம் குடுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார். டீச்சர் நிம்மதியாகத் திரும்பி வந்ததும், “சரி, இனி முதல்லேர்ந்து குடிங்க” என்று பாட்டிலை நீட்டினார். அந்த டீச்சர் இன்றும் இவரைத் தெருவில் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்.

வீட்டில் இவர் மனைவிக்குப் பல மாதங்களாகத் தலைவலி. காலையில் எழுந்ததும் குமட்டல். போன வாரம் டம்ளருக்குப் பக்கத்தில் டீயை ஊற்றினாள். “நேரத்துக்குச் சாப்பிடாதவளுக்குத் தலை வலிக்காம என்ன செய்யும்?” என்றார், ஊரையே பட்டினி போடுகிறவர். டாக்டரம்மா எப்போதோ சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் வேனில் ஒவ்வொரு முறையும் யாராவது அவசரமாக வந்து நிற்பார்கள். “உனக்கென்ன, நம்ம வண்டிதானே? அடுத்த வாரம் போவோம்” என்பார். இந்த வாரம் டாக்டரம்மா வேன் ஜன்னலைத் தட்டி, “உங்க வீட்டம்மா இல்லாம இந்த வண்டி கிளம்பக் கூடாது” என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு இடம் கிடைத்தது. முட்டிக்காரத் தையற்காரருக்குப் பக்கத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு, வழி நெடுகக் கண்ணை மூடியே வந்தாள்.

ஸ்கேன் சென்டர் கவுண்டரில் இருந்த பெண் சீட்டைப் பார்த்தாள்.

“மருந்து ஏத்தி எடுக்கற ஸ்கேன். கிட்னிக்கு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எங்க?”

இவர் மனைவியைப் பார்த்தார். மனைவி இவரைப் பார்த்தாள்.

“நீங்க சொல்லவே இல்லையே?”

“சொல்லணுமா? தினம் வீட்டுல உட்கார்ந்து இதைத்தானே கத்திட்டிருக்கேன்!”

“ஊரைப் பத்திக் கத்தினீங்க. என்கிட்ட சொல்லலை.”

விடியுமுன் ஏறிய ஒவ்வொருவரின் பையையும் திறந்து அந்த ரிப்போர்ட் இருக்கிறதா என்று பார்த்தவர், அவள் பையை மட்டும் திறக்கவில்லை. நம் வீட்டுப் பைதானே என்று விட்டுவிட்டார். ஊருக்குத்தான் உபதேசம்.

“இப்ப ரத்தம் குடுத்தா சாயங்காலம் எடுத்துடலாம்,” என்றாள் கவுண்டர் பெண். “இல்லைன்னா வேற நாள் வாங்க.”

மதியம் வண்டி கிளம்ப வேண்டும். பழக்கதோஷத்தில் இவர் வாய் முந்திக்கொண்டது. “சரி, அடுத்த வாரம்...”

“அடுத்த வாரம் நான் வரலை,” என்றாள் மனைவி. குரல் உயரவில்லை. “உங்க அடுத்த வாரம் என்னைக்குமே வந்ததில்லை.”

சொல்லிவிட்டு, சீட்டைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள். சீட்டு ஓர் இடத்தில் இருந்தது. கை அதற்கு அப்பால் போய்க் காற்றைப் பிடித்தது. மறுபடி நீட்டினாள். மறுபடியும் காற்று.

இவர் அதைப் பார்த்தார். இத்தனை மாதம் தன் கண்ணுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று நினைத்தார். அவளை ரத்தம் கொடுக்க உட்காரவைத்துவிட்டு வேனுக்குப் போனார்.

“இன்னைக்கு வண்டி கிளம்ப இருட்டிடும்,” என்றார்.

தையற்காரர்தான் முதலில் வெடித்தார். “நாங்க பட்டினி கெடந்தது பத்தாதா? ஒரு நாளாவது எங்களுக்காக நின்னிருக்கியாய்யா நீ? போன மாசம் அந்தக் கிழவரு மாத்திரை வாங்கப் போனதுக்கு என்ன ஆட்டம் ஆடினே!”

“அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியலைங்க,” என்றார் இவர். வண்டியில் வந்தவர்களிடம் முதல் தடவையாக அவர் வாயில் ‘ங்க’ அதட்டலாக இல்லாமல் மரியாதையாக வந்தது.

தையற்காரர் கொஞ்ச நேரம் முட்டியைத் தடவினார். “போய்யா, போய் அவங்ககூட இரு. நாங்க சாப்பிட்டுட்டுக் கெடக்கறோம். ஆனா திரும்பும்போது முன்சீட்டு எனக்கு.”

சாயங்காலம் அவளைக் கூப்பிட்டார்கள். கதவருகே வந்த டெக்னீஷியன் அவள் காதைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். “தோட்டைக் கழட்டணும்மா. உலோகம் எதுவும் உள்ள போகக் கூடாது. வீட்டுலயே கழட்டிட்டு வரணும்னு உங்களைக் கூட்டிட்டு வந்த டிரைவர் சொல்லலையா?”

ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் தானே திருகிப் பார்த்தாள். விரல்கள் திருகாணியைத் தேடின, கிடைக்கவில்லை. இவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவள் காதருகே குனிந்தார். கல்யாணத்தன்று போட்ட தோடு. கழற்றியதே இல்லை. ஒருபக்கத் தோடு சிரமமில்லாமல் வந்துவிட்டது. மற்றதன் திருகாணி இறுகிப் போயிருந்தது. சக்கர நட்டு திருகிப் பழகிய தடித்த விரல்களில் அது வழுக்கியது. இரண்டாம் முறை திருகியதும் அவள் பல்லைக் கடித்தாள்.

“சீக்கிரம்யா, பின்னால ஆளுங்க நிக்கறாங்க,” என்றார் டெக்னீஷியன்.

இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“வலிக்குதா?”

“ம்.”

திருகுவதை நிறுத்தினார். சிவந்துபோன அந்தக் காதில் மெல்ல ஊதினார்.